புதன்கிழமைப் பிள்ளைகள்

1. முதல் நாள்

பல்கலைக்கழகத்தின் மாணவர் அலுவலகத்தில் நான் சேர்ந்த முதல் நாள், கணினியை எப்படித் திறப்பது என்று காட்டுவதற்கு முன்பே, மேலாளர் பிராவ் (திருமதி) ஸ்டெட்லர் என்னைக் கோப்பி ஊற்றுகிற மெஷினடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அவர் பேசியது சுவிஸ் ஜெர்மன். நான் அதை என்னுடைய தமிழில் தருகிறேன்.

"பவானி, ஸ்கிரீனில பாக்கிறது ஸ்கிரீனிலதான் இருக்கோணும். சாப்பாட்டு மேசைக்குப் போகக் கூடாது. புருசனுக்கும் சொல்லக் கூடாது."

"சொல்லுறதுக்கு வீட்டில ஆள் இல்லை" என்றேன்.

அவர் அதைப் பகிடி என்று நினைத்துச் சிரித்தார். அது பகிடி இல்லை. என் கணவர் ஒரு கலியாண வீட்டுக்கென்று லண்டனுக்குப் போனவர், அங்கேயே நின்றுவிட்டார். பிள்ளைகள் இல்லை. நகரத்துக்குப் பக்கத்தில் ஓஸ்டர்முண்டிகன் என்ற ஊரில் இரண்டறை வீடு ஒன்றில் நானும் ஒரு ரைஸ் குக்கரும் இருந்தோம். அதற்கு மேல் அந்தக் கதை இங்கே தேவையில்லை.

அலுவலகங்களைத் துப்புரவு செய்துகொண்டே பின்னேரங்களில் படித்துத்தான் கவுண்டருக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தேன். ஆகவே வாயை மூடிக்கொண்டிருப்பதை ஒரு பெரிய வேலையாக அப்போது நினைக்கவில்லை. அந்த அலுவலகத்தில் தமிழ் ஆள் நான் ஒருத்திதான். மற்றவர்களுக்கு வெளியே தெரிந்த மாணவர்கள் ஒருவரோ இருவரோ இருப்பார்கள். எனக்கு நம்முடைய சனம் முழுவதும் இருந்தது. அந்த வித்தியாசம் விளங்கச் சில காலம் எடுத்தது.

2. யூனிக்குப் போகிற மகள்

என்னிடம் தந்த வேலைகளில் ஒன்று பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கான திட்டம். கிம்னாசியம் என்கிற மேல்நிலைப் பள்ளிக்கூடத்தில் படிக்கிற கெட்டிக்காரப் பிள்ளைகள், மத்தூரா என்கிற கடைசிப் பரீட்சைக்கு முன்னரே, பல்கலைக்கழகத்து முதலாம் வருடப் பாடம் ஒன்றை எடுக்கலாம். பாஸ் பண்ணினால் கிரெடிட் அவர்கள் பெயரில் இருக்கும். பிறகு அதே துறைக்கு வந்தால் திரும்பப் படிக்க வேண்டியதில்லை. பள்ளிக்கூடமும் அதைச் சான்றிதழில் ஒரு வரியாகச் சேர்த்துக்கொள்ளும். சேருவதற்குப் பெற்றோர் கையெழுத்தும் பள்ளிக்கூட அதிபரான ரெக்டரின் சம்மதமும் வேண்டும். விலகுவதற்குப் பிள்ளையும் பள்ளிக்கூடமும் சொன்னால் போதும்.

அநேகமாகப் புதன்கிழமை மத்தியானம்தான் வருவார்கள். முதுகுப் பையில் பள்ளிக்கூடப் புத்தகம், கையில் பல்கலைக்கழகத்து அட்டை. முன் வரிசையில் இருப்பார்கள்; வகுப்பு முடிந்ததும் முதல் ஆளாக ரயிலுக்கு ஓடுவார்கள். அலுவலகத்தில் அவர்களைப் புதன்கிழமைப் பிள்ளைகள் என்போம்.

யதுஷா எனக்குத் தெரிந்த பிள்ளை. அவளுடைய அம்மா சுகந்திதான் இந்த நாட்டில் எனக்கு இருந்த ஒரே நெருக்கமான சிநேகிதி. அப்பா குகன் ஆஸ்பத்திரிக் குசினியில் வேலை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் சாப்பிடுவது அவர்கள் வீட்டில். எனக்கென்று ஒரு கதிரை, எனக்கென்று உறைப்புக் குறைத்து ஒரு கறி. கிழமையில் மற்ற நாட்களை நான் அந்த ஒரு நாளுக்காகக் கடத்தினேன் என்று சொன்னால் அது மிகையில்லை.

யதுஷாவுக்குக் கணிதத்தில் லீனியர் அல்ஜீப்ரா என்ற பாடத்துக்கு இடம் கிடைத்தது. குகன் அதைத் தமிழ்ப் பாடசாலையின் வாணி விழாவில் மைக்கில் அறிவித்தார். "என்ர மகள் பதினாறு வயசில யூனிக்குப் போறாள்" என்றார். சனம் கை தட்டியது. மண்டபத்தில் அன்றைக்குப் பகிர்ந்த லட்டு அவர் தன் கையால் பிடித்தது.

நான் ஓரமாகக் கூப்பிட்டுச் சொன்னேன். "தம்பி, இது கிழமைக்கு ஒரு பாடம். பள்ளிக்கூடம் அப்பிடியேதான் இருக்கு. மத்தூராவும் எழுதோணும்."

"அது எனக்குத் தெரியும், அக்கா. சனத்துக்கு அவ்வளவு விளக்கம் தேவையில்லை."

யதுஷா மேடைக்குப் பக்கத்தில் நின்று, தலையைத் தடவுகிற ஆட்களுக்கெல்லாம் சிரித்துக்கொண்டிருந்தாள்.

3. கவுண்டரில்

மார்கழியில் ஒரு மத்தியானம், நான் சாப்பாட்டுக்குப் போகிற நேரம் பார்த்து அவள் வந்தாள். அன்றைக்கு எங்கள் அலுவலகத்தில் ஒருவர் சுகயீன லீவு, நான்தான் கவுண்டரில். என்னைக் கண்டதும் திரும்பிப் போகப் பார்த்தாள்.

"வா பிள்ளை. என்ன விசயம்?"

"அன்ரி, நீங்கள் இண்டைக்கு இருக்க மாட்டியள் எண்டு நினைச்சன்."

விலக வந்திருந்தாள். பிரெஞ்சிலும் உயிரியலிலும் புள்ளி இறங்கியதால் அதுவே நல்லது என்று ரெக்டரும் சொல்லிவிட்டாராம். புள்ளியை விட்டுவிட்டு மற்றதைச் சொல்லு என்றேன். யோசித்துத்தான் சொன்னாள்.

"புதன் மத்தியானம்தான் எங்கட வகுப்பெல்லாம் சேந்து சாப்பிடப் போறது. நான் இங்க வந்திடுவன். இப்ப அவையள் என்னைக் கேக்கிறதே இல்லை. இங்க வந்தால் எல்லாரும் முடிஞ்சு பாருக்குப் போவினம். எனக்கு வயசு காணாது. அங்கயும் நான் விருந்தாளி, இங்கயும் விருந்தாளி, அன்ரி."

எனக்கு என் முதல் வருடங்கள் ஞாபகம் வந்தன. ஆனால் அதைச் சொல்ல அது இடமில்லை. பதிவை நீக்கினேன்.

"அப்பாட்டைச் சொல்லிப்போடுவியளோ?"

"மாட்டன். அது நீ சொல்லவேண்டியது."

"சொல்லுவன். கொஞ்ச நாள் தாங்கோ."

பிராவ் ஸ்டெட்லரிடம் பெயர் சொல்லாமல் கேட்டேன்: பெற்றோர் எனக்குத் தெரிந்த ஆட்கள், கேட்டால் என்ன செய்வது? "பிள்ளையிட்டயே கேக்கச் சொல்லு" என்றார். "அவைக்கு உன்னைத் தெரியுமெண்டால், ரெண்டு தரம் சொல்லு."

4. ஞாயிறும் புதனும்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குகன் சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டார். "அக்கா, நீங்கள் அங்கதானே இருக்கிறியள். எங்கட ஆள் எப்பிடிச் செய்யிறாள்?"

"அவளைத்தான் கேளுங்கோ."

"அவள் ஓம் ஓம் எண்டுதான் சொல்லுறாள்."

யதுஷா அப்பளம் எடுத்து வரக் குசினிக்குள் போனாள். திரும்பி வரவில்லை. அப்பளத்தைச் சுகந்திதான் கொண்டுவந்தாள். அன்றைக்குச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை. சுகந்தி நான் களைத்துப்போனேன் என்று நினைத்துக் கறியைக் கட்டித் தந்தாள்.

புதன்கிழமைகளில் யதுஷா வீட்டிலிருந்து வழமைபோலவே வெளிக்கிட்டாள். எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் வகுப்புக்கு வெளியே, ஹீட்டருக்குப் பக்கத்தில் ஒரு நீள வாங்கில் உட்கார்ந்து பிரெஞ்சு வீட்டுப்பாடம் செய்வாள். ஏன் இங்கேயே வருகிறாய் என்று கேட்டேன். வேறு எங்கே இருந்தாலும் தமிழ் ஆட்கள் யாராவது கண்டுவிடுவார்கள் என்றாள். ரயிலில், நூலகத்தில், கோப் கடையில், எங்கும் நம் ஆட்கள்தான்.

நான் என் சாப்பாட்டுப் பெட்டியை அங்கே கொண்டுபோனேன். அவளுக்கும் சேர்த்துப் புட்டு அவிப்பேன். அதிகம் கதைக்கமாட்டோம். ஒவ்வொரு முறையும் எழும்பும்போது "இந்தக் கிழமை சொல்லு" என்பேன். "ஓம் அன்ரி" என்பாள். இவ்வளவு வருடத்தில் அந்தக் கட்டடத்தில் நான் தனியாகச் சாப்பிடாத நாட்கள் அவைதான்.

5. பரீட்சை நாள்

இனி வருவது நம்முடைய ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய வேலை. இங்கே பல்கலைக்கழகப் பரீட்சைக்கு எந்தத் தகப்பனும் வருவதில்லை. அன்றைக்கும் ஒரு புதன்கிழமை, குகன் லீவு போட்டுக்கொண்டு வந்தார். கோவிலில் அர்ச்சனை செய்த விபூதி ஒரு கையில், பிளாஸ்க் ஒரு கையில். பின்னால் சுகந்தி, சாப்பாட்டுப் பையோடு. மகளுக்குத் தெரியாமல் வந்து, உள்ளே போகுமுன் விபூதி பூசிவிடுவது திட்டம். பரீட்சைத் திகதியை இணையத்தில் பார்த்திருக்கிறார். அறை எது என்றுதான் தெரியவில்லை. அதற்கு அக்கா இருக்கிறாவே.

"அக்கா, யதுஷான்ர சோதினை எந்த அறையில?"

"தம்பி, எனக்குச் சொல்ல ஏலாது."

"பகிடி விடாதேங்கோ. தொடங்கப் போகுது."

"ஒருத்தற்ற விசயத்தையும் இங்க சொல்ல ஏலாது. அவளுக்குப் போன் அடிச்சுக் கேளுங்கோ."

அவருக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "நான் தகப்பன்" என்றார், முதலில் தமிழில், பிறகு ஜெர்மனில். பக்கத்து மேசையில் இருந்தவர் எழும்பினார். நான் கையைக் காட்டி இருக்கச் சொன்னேன். சுகந்தி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு ஏதோ விளங்கத் தொடங்கியிருந்தது.

குகன் மகளுக்குப் போன் அடித்தார். எங்கே நிற்கிறாய் என்று கேட்டார். கொஞ்ச நேரத்தில் அவள் படியால் இறங்கி வந்தாள். கையில் பிரெஞ்சுப் புத்தகம். விபூதியைக் கண்டதும் அழத் தொடங்கிவிட்டாள்.

"அப்பா, எனக்குச் சோதினை இல்லை. மார்கழியிலேயே விட்டிட்டன்."

குகன் அவளை ஏசவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்குத் தெரியும்."

"ஓம்."

"தெரிஞ்சுகொண்டு ஒவ்வொரு ஞாயிறும் என்ர வீட்டில சாப்பிட்டனீங்கள்."

"ஓம்" என்றேன்.

பிளாஸ்கைக் கவுண்டரிலேயே மறந்துவிட்டுப் போனார்கள். பின்னேரம் அதைக் கழுவி என் அலுமாரியில் வைத்தேன்.

6. பிறகு

அந்த ஞாயிற்றுக்கிழமை அழைப்பு வரவில்லை. நானும் அவர்களுக்குப் போன் பண்ணவில்லை. கோவிலில் சுகந்தி என்னைக் கண்டால் தூணுக்கு மற்றப் பக்கம் போனாள். எனக்குப் பிள்ளை இல்லாதபடியால் எரிச்சலில் மறைத்தேன் என்று ஒரு கதை உலாவியது. அதைச் சொன்ன ஆளும் எனக்குத் தெரியும். அவருடைய மகன் எந்தப் பாடத்தில் எத்தனை முறை தவறினான் என்பதும் எனக்குத் தெரியும். சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒரு நாளைக்கு நல்ல சந்தோசமாக இருந்திருக்கும்.

யதுஷா நல்ல புள்ளியோடு மத்தூரா முடித்தாள். இப்போது ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படிக்கிறாள்.

அவள் அங்கே சேர்ந்த இலையுதிர் காலத்தில் குகன் கவுண்டருக்கு வந்தார். பக்கத்து மேசையில் வரிசை இல்லை. அங்கே இருந்த பெண் கூப்பிட்டும் போகாமல் என் முறைக்குக் காத்து நின்றார். வந்து மேசையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"வெளி ஆக்களும் வகுப்பில இருந்து கேக்கலாம் எண்டு போட்டிருக்கு. உண்மையோ?"

"ஓம். பதிஞ்சால் இருக்கலாம். சோதினை இல்லை, கிரெடிட்டும் இல்லை."

"அந்தக் கணக்கு வகுப்பு. புதன்கிழமை. எனக்கு அண்டைக்கு மத்தியானம் லீவு." பிறகு தானாகவே சொன்னார். "ஊரில, ஏ.எல். வகுப்பில நான் மட்ஸ்தான். சோதினைக்கு முதல் சண்டையால இடம்பெயர்ந்திட்டம். இப்ப எனக்கு ஒண்டும் விளங்காது, அது பரவாயில்லை. பிள்ளையின்ர தலையில எதை ஏத்தினனான் எண்டு ஒருக்காப் பாக்கோணும்."

பதிந்தேன். அட்டையை வாங்கிக்கொண்டு நின்றார்.

"சுகந்திக்குத் தெரிய வேண்டாம், அக்கா."

"இங்க இருந்து ஒண்டும் வெளியில போகாது" என்றேன்.

"தெரியும். அதுதான் உங்களிட்ட வந்தனான்."

பிளாஸ்கை எடுத்துக் கொடுத்தேன். அதை வீட்டுக்குக் கொண்டுபோனால் எங்கே இருந்தது என்று சுகந்தி கேட்பாள், நீங்களே வைத்திருங்கோ என்று திருப்பித் தந்துவிட்டார்.

மாசியில் சுகந்தி எனக்குப் போன் பண்ணினாள், அவ்வளவு காலத்துக்குப் பிறகு முதல் தடவை. இவர் புதன்கிழமைகளில் எங்கேயோ போகிறார், கேட்டால் சும்மா என்கிறார், உங்கள் யூனிக்குப் பக்கத்து பஸ் தரிப்பில் இறங்கினதைக் கண்டதாக ஒருவர் சொன்னார் என்றாள். என்ன நினைத்துப் பயப்படுகிறாள் என்று எனக்கு விளங்கியது. அந்தப் பயம் நான் லண்டன் விசயத்தில் பட்டது. ஒரு வசனம் சொன்னால் அவள் மனம் ஆறும். என் ஞாயிற்றுக்கிழமையும் திரும்ப வரும். எனக்கு அது எவ்வளவு வேண்டியிருந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

"அவரைத்தான் கேள், சுகந்தி. இண்டைக்கே கேள்."

"இதைத்தானே அண்டைக்கும் சொன்னனீங்கள்" என்று வைத்துவிட்டாள்.

குகனுக்கு அடுத்த புதன்கிழமை படியடியில் வைத்துச் சொன்னேன்: வீட்டில் சொல்லுங்கோ, அவள் பயப்படுகிறாள். அவர் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை.

வருகிற கோடையில் எனக்கு ஓய்வு. நம் பிள்ளைகள் இப்போது வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் கம்யூன் என்கிற ஊராட்சி அலுவலகத்திலும் கவுண்டர்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஏதாவது எழுதுங்கள் என்று தமிழ்ப் பாடசாலை மலருக்குக் கேட்டார்கள். நான் சொல்லக்கூடியது இதுதான். உங்கள் ஆட்கள் உங்கள் கவுண்டருக்கு வருவார்கள். "தெரியாது" என்று சொல்லாதீர்கள், அது பொய். "சொல்ல ஏலாது" என்று சொல்லுங்கள். அதற்காக உங்களைக் கோபிப்பார்கள், சிலர் விட்டுப் போவார்கள். அது வலிக்கும். வலிக்காது என்று உங்களுக்கு யாராவது பயிற்சி வகுப்பில் சொன்னால் நம்ப வேண்டாம்.

பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஆனாலும் மூன்று பேரையும் கேட்காமல் எழுதக்கூடாது அல்லவா. யதுஷா உடனே சரி என்றாள். குகன், வீட்டில் எல்லாம் சொல்லிப்போட்டேன், எழுதுங்கோ என்றார். சுகந்திக்குப் போன் அடிக்க எனக்குப் பல நாள் எடுத்தது. எல்லாவற்றையும் அவள் கடைசிவரை கேட்டாள்.

"எழுதுங்கோ அக்கா" என்றாள். "உங்கட மனதில கிடந்ததை நானும் ஒருக்கா வாசிக்கிறன்."