நின்று நின்று சுட்ட துவக்கு

வாங்கிய முதல் நாளே அந்தத் துவக்கு என் மானத்தைக் கப்பலேற்றிவிட்டது. மூன்றாவது சூட்டோடு நின்றுபோனது. வெளியே பறந்து விழவேண்டிய, சுட்டு முடிந்த ரவையின் வெறுங்கோது பாதி வழியில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்று எட்டிப் பார்த்தது. நான் முறைப்படி துவக்கை இலக்குப் பக்கம் நீட்டியபடியே மற்றக் கையை உயர்த்தினேன். ஒருவருக்குக் கோளாறு என்றால் சுடுகளத்துப் பொறுப்பாளர் வரிசை முழுவதையும் நிறுத்திவிடுவார். ஐந்து பேர் காதுமூடிகளோடு திரும்பிப் பார்த்தார்கள். 'விளையாட்டுச் சாமான்' என்று ஒருவர் சொன்னது எனக்கு நன்றாகவே கேட்டது.

அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. பார்ப்பதற்கு அது, இராணுவத் துவக்கு ஒன்றை யாரோ கொதிநீரில் துவைத்துச் சுருங்கவிட்டதுபோல்தான் இருந்தது. அதே கைப்பிடி, ரவைகளை அடுக்கும் அதே நீட்டு ரவைக்கூடு, அதே கறுப்பு. ஆனால் தோளில் அணைக்கும் கட்டை இல்லை. அதனால் சட்டத்தின் கணக்கில் அது கைத்துவக்கு. குழாயும் உள்ளே ஓடும் சில துண்டுகளும்தான் இரும்பு. மற்றதெல்லாம் கண்ணாடி நார் கலந்த பிளாஸ்டிக். கோதுமை மா இரண்டு பைக்கற்றை விடப் பாரம் குறைவு. எனக்கு வேண்டியிருந்தது அந்தப் பாரக் குறைவுதான்.

சுவிஸின் வில் நகரில் பிளாஸ்டிக் வார்க்கும் தொழிற்சாலை ஒன்றில் இருபத்திரண்டு வருடங்களாகத் தரம் பார்க்கிறேன். காப்பி மெசின் மூடி, மருத்துவக் குழாயின் முனை, இன்னும் எதற்கென்றே தெரியாத ஆயிரம் சின்னத் துண்டுகள் என் கையால் புரட்டப்பட்டுத்தான் பெட்டிக்குள் போகும். புரட்டிப் புரட்டியே வலது மணிக்கட்டு நரம்பு நெரிபட்டு, ஒப்பரேசன் வரை போனது. அதற்கு முன்னால், நான் சேர்ந்திருந்த சூட்டுக் கழகத்தின் பெரிய துவக்கால் சுட்டுக்கொண்டிருந்தேன். ஒப்பரேசனுக்குப் பிறகு அதைத் தூக்கினால் விரல்கள் விறைத்தன. கழகத்தில் இருந்த இரும்புக் கைத்துவக்குகளையும் ஒன்று மாறி ஒன்றாகப் பிடித்துப் பார்த்தேன். ஒரு கையில் நீட்டிப் பிடிக்கும் அவற்றை மணிக்கட்டு ஐந்து சூட்டுக்கு மேல் பொறுக்கவில்லை. இரண்டு கையாலும் பிடிக்கக்கூடிய, பாரமில்லாத ஒன்று கிடைக்காவிட்டால் என் சுடுகளக் காலம் முடிந்தது என்று தெரிந்தது.

யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்கு இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். என் கணவரும் கேட்டார். இலங்கைக் கடவுச்சீட்டோடு இருந்தவரை இந்த நாட்டுச் சட்டம் எங்களைத் துவக்கைத் தொடவே விடவில்லை. சுவிஸின் சிவப்புக் கடவுச்சீட்டு கிடைத்த அடுத்த கோடையில், கூட வேலை செய்த பெண் ஒருத்தி ஊர்ச் சூட்டு விழாவுக்கு இழுத்துக்கொண்டு போனாள். படுத்திருந்து, மூச்சை விட்டு, விரலை மெல்ல அழுத்தினேன். அந்த ஒரு கணம் தலைக்குள் ஒரு சத்தமும் இல்லை. வீட்டுச் சத்தம், மெசின் சத்தம், பழைய சத்தம் ஒன்றுமே இல்லை. அப்படியொரு அமைதியை எனக்குக் கோயில்கூடத் தந்ததில்லை. அதை விடுவதற்கு எனக்கு மனமில்லை.

கணவர் முதியோர் இல்லமொன்றில் சமையல்காரர். அதிகம் கதைக்காத மனிதர். புதுத் துவக்கின் பெட்டியைப் பார்த்ததும் மட்டும் வாயைத் திறந்தார்.

"துவக்குக்குப் பயந்துதானே ஊரை விட்டு ஓடி வந்தனாங்கள். இஞ்சை வந்து நீ விரும்பி வாங்கிறியோ?"

"இது ஆக்களைச் சுடுற சாமான் இல்லை. கடுதாசியைச் சுடுறது."

"கடுதாசி உனக்கு என்ன செய்தது?"

பெட்டியை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை கதைக்கவில்லை. நான்தான் ஒவ்வொரு வியாழக்கிழமையும் சுடுகளத்தால் வந்து, சாப்பாட்டு மேசையில் இருந்து கத்தினேன். இன்றைக்கு நாலு தரம் நின்றது, இன்றைக்கு ஆறு தரம் நின்றது என்று கோடை முழுக்கப் புலம்பினேன். அவர் கறியைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

துவக்கு நின்றதைவிட, 'பிளாஸ்டிக் என்றால் அப்படித்தான்' என்று கழகத்தில் எல்லோரும் தலையாட்டியதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. என் சோற்றையல்லவா பழிக்கிறார்கள்! நல்ல பிளாஸ்டிக் எது, கெட்ட பிளாஸ்டிக் எது என்று இருட்டில் தடவிச் சொல்லக்கூடியவள் நான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பது எனக்கும் தெரியும். ஆனால் சில கூடங்கள் உண்மையிலேயே கோணல்தான். எங்கே கோணல் என்று கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

இணையத்தில் இந்தத் துவக்கை வைத்திருப்பவர்களின் கூட்டம் ஒன்று இருந்தது. போய்ச் சேர்ந்தேன். ஒருவர் எண்ணெயில் குளிப்பாட்டு என்றார். அடுத்தவர் எண்ணெய் ஒரு துளியும் ஆகாது என்றார். ஒருவருக்கு ஒரு திருகாணி கழன்று புல்லுக்குள் விழுந்துவிட்டதாம்; மூன்று நாள் தேடினாராம். இன்னொருவர், ஐந்நூறு ரவை சுடும்வரை பொறு, பிறகு தானாகப் பழகிவிடும் என்றார். கலியாணம் முடித்த புதிதில் எனக்கும் இதே புத்திதான் சொன்னார்கள். ஆளுக்கொரு வைத்தியம் சொன்னாலும் ஒருவரும் அதை விற்கவில்லை. திட்டித் திட்டியே வைத்திருந்தார்கள். எனக்கு அவர்களைப் பிடித்துப்போனது.

கடைசியில் தொழிற்சாலை வழிக்குத் திரும்பினேன். அங்கே ஒரு துண்டு பிழைத்தால் எந்த அச்சு, எத்தனையாவது துண்டு என்று எழுதுவோம். துவக்கோடு இரண்டு ரவைக்கூடுகள் வந்திருந்தன. ஒன்றுக்குச் சிவப்பு நகப்பூச்சும் மற்றதற்கு நீலமும் பூசினேன். நிற்கிற ஒவ்வொரு தரமும் நிறத்தைக் கொப்பியில் எழுதினேன். ஐந்து வியாழக்கிழமை போனதும் கொப்பி முழுக்க நீலமாக இருந்தது. நீலக் கூட்டை வேலைக்குக் கொண்டுபோய், இடைவேளையில் பூதக்கண்ணாடியின் கீழ் பிடித்தேன். ரவை ஏறுகிற வாயின் ஓரத்தில், மயிரளவில், வார்ப்புப் பிசிறு. நான் தினமும் நூறு கண்டு எறிகிற அதே பிசிறு! எங்கோ என்னைப் போல ஒருத்தி ஒரு நாள் கண்ணயர்ந்திருக்கிறாள். படம் எடுத்து, துவக்கை விற்றவருக்கு அனுப்பினேன். அவர் மறுபேச்சின்றிப் புதுக் கூடு தந்தார்; அதற்கும் நீலமே பூசினேன். ரவையையும் கொஞ்சம் வேகமான வகைக்கு மாற்றினேன். அதன் பிறகு இரண்டு வியாழன் ஒரு தரமும் நிற்கவில்லை. இரண்டாவது வியாழன் வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸுக்குள் வாய்விட்டுப் பாடினேன் என்று நினைக்கிறேன். ஒரு கிழவி இடம் மாறி இருந்தாள்.

ஆனால் பொறுப்பாளர் நம்பவில்லை. எழுபது வயது, ஓய்வுபெற்ற பூட்டுத் தொழிலாளி, இரும்பைத் தவிர வேறொன்றையும் மதிக்காதவர். அவருடைய சுவிஸ் ஜெர்மனை என் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

"உன்னாலை கோடை முழுக்க வரிசை நிண்டு நிண்டு போகுது. இந்த வருசக் கடைசிச் சூட்டுப் போட்டிக்கு இருபது ரவை. துவக்காலை ஒருக்கால் நிண்டாலும், அடுத்த வருசம் இந்தச் சாமானை என்ரை களத்துக்குள்ளை கொண்டு வராதை."

"நிக்காது" என்றேன். வேறு துவக்கை என் கை பொறுக்காது என்பது அவருக்கும் தெரியும். ஆள் கெட்டவரில்லை. ஆனால் சொன்னால் சொன்னதுதான்.

அந்த வருடத்தின் கடைசிச் சூடு, ஆயுத பூசைக்கு அடுத்த சனிக்கிழமை வந்தது. எங்கள் வீட்டில் பூசைக்குத் தையல் மெசின், கார்ச் சாவி, மடிக்கணினி, கணவரின் சமையல் கத்திகள் எல்லாம் சாமிப் படத்துக்கு முன்னால் வரிசையாக ஏறும். இத்தனையும் ஏறும்போது, உண்மையான ஆயுதத்தை அலுமாரிக்குள் பூட்டி வைப்பது எனக்கே சரியாகப் படவில்லை. ரவை இல்லை என்று இரண்டு தரம் பார்த்து, துவக்கையும் வெறுங்கூடுகள் இரண்டையும் கொண்டுவந்து ஓரத்தில் வைத்தேன். கணவர் பார்த்தார். நான் அவல் குழைக்கப் போக, அவர் சந்தனத் தூளைப் பன்னீரில் குழைத்து எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தார். பூசை முடிந்ததும் துவக்கின் பக்கத்தில் இருந்த பொட்டைத் துடைத்து, எல்லாவற்றையும் திரும்பப் பூட்டி வைத்தேன்.

சனிக்கிழமை மதியம். முதல் பத்து ரவை சிவப்புக் கூட்டில். பத்தும் போனது, அதில் ஆறு நடுவில். கை நோகவில்லை. மனம் பறந்தது. நீலக் கூட்டைப் போட்டேன். பதினொன்று போனது. பன்னிரண்டு போகவில்லை. ரவை ஏறும் வழியில் மூக்கை மேலே தூக்கிக்கொண்டு நின்றது.

கையை உயர்த்தினேன். பொறுப்பாளர் வந்து, கூட்டைக் கழற்றி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதன் வாயைப் பார்த்தார். நானும் பார்த்தேன். மஞ்சளாக, தடிப்பாக, காய்ந்து கல்லாகிப்போன சந்தனம். நாளொன்றுக்கு ஆயிரம் துண்டு பார்க்கிறவள் அந்த ஒரு துண்டைப் பார்க்காமல் பைக்குள் போட்டிருக்கிறேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

"இது என்ன?"

கழக விதி இப்படி: துவக்கின் கோளாறு என்றால் மிச்சத்தைத் திரும்பச் சுடலாம். சுடுபவரின் கவலையீனம் என்றால் மிச்சம் எல்லாம் பூச்சியம். 'தெரியவில்லை, துவக்குத்தான் ஏதோ' என்று சொன்னால் ஒன்பது ரவையும் எனக்குத் திரும்பக் கிடைக்கும், துவக்கு போய்விடும். உண்மையைச் சொன்னால் பட்டியலில் அடியில் நிற்பேன், வருடக்கணக்கில் சிரிப்பார்கள்.

"சந்தனம்" என்றேன். "எங்கடை வீட்டிலை ஆயுதத்துக்குப் பூசை செய்யிறனாங்கள். துடைக்க மறந்துபோனன். என்ரை பிழை. பிளாஸ்ரிக்கின்ரை பிழை இல்லை."

அவர் நகத்தால் ஒரு துண்டைச் சுரண்டி எடுத்து, மூக்கில் வைத்துப் பார்த்தார். "துவக்குக்கோ பூசை?"

"ஓம். தையல் மெசினுக்கும்."

வரிசை முழுக்கச் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. மேசைக்குப் போய்ப் பதிவில் பொறுமையாக எழுதினார். எட்டிப் பார்த்தேன். 'சுடுபவரின் கவலையீனம். துவக்கு குறையில்லை.' அப்படி ஒரு அவமானத்தை வாசித்து அவ்வளவு சந்தோசப்பட்டவள் நானாகத்தான் இருப்பேன். கடைசி இடத்துக்குச் சடைபோல் பின்னிச் சுட்ட பாண் ரொட்டி ஒன்று தந்தார்கள். வாங்கும்போது கைதட்டினார்கள்.

பஸ்ஸில் இருக்க இருக்கத்தான் கோபம் ஏறியது. பொட்டு வைக்கிற மனிசன் வெளியே வைக்கக்கூடாதா? வாய்க்குள்ளா அப்புவது? என்ன சொல்லி ஏசுவது என்று ஒழுங்குபடுத்திக்கொண்டே வந்தேன். கதவைத் திறந்தால் அவர் வாசலிலேயே நின்றார். சப்பாத்தைக் கழற்றவும் விடவில்லை.

"நிண்டதோ?"

"நிண்டது! உங்கடை சந்தனத்தாலைதான் நிண்டது! கூட்டின்ரை வாய்க்குள்ளை ஆரப்பா பூசச் சொன்னது?"

அவருடைய முகம் விழுந்துவிட்டது.

"நீதானே கோடை முழுக்கச் சொன்னனீ, நீலக் கூட்டின்ரை வாயிலைதான் வருத்தம் எண்டு. வருத்தம் உள்ள இடத்திலைதானே மருந்து பூச வேணும்?"

ஒழுங்குபடுத்தி வைத்த ஏச்சு ஒன்றும் வரவில்லை. கறியைப் பார்த்துச் சாப்பிட்ட மனிதர் நிறம் வரை கேட்டு வைத்திருக்கிறார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது. பாணை அவர் கையில் கொடுத்தேன். துவக்கில் குறையில்லை என்று எழுதியதையும், அடுத்த வருடமும் சுடலாம் என்பதையும் சொன்னேன்.

அவர் பாணைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"அங்கை சும்மா பாக்கவும் ஆக்களை விடுவினமோ?"

"ஓம், விடுவினம்."

"கனக்கச் சத்தமோ?"

"சின்ன ரவைதான். காதுக்கு மூடியும் தருவினம்."

பாணின் ஓரத்தில் ஒரு துண்டைப் பிய்த்தார்.

"அப்ப ஒருநாள் வாறன்" என்றார்.