கொடுக்காத ‘கோ’

பன்னிரண்டு வயதில் என்னைவிட வேகமாக ஓடுகிற ஆள் தாராவியில் எங்கள் பக்கம் கிடையாது. அதற்குச் சாட்சி குழாயடி. முனிசிபாலிட்டி குழாயில் காற்று சீறுகிற சத்தம் கேட்டதும் எங்கள் வரிசை வீடுகளில் இருந்த அக்காமார்கள் எல்லாரும் என் பெயரைத்தான் கூப்பிடுவார்கள். அவர்கள் குடங்களையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு நான் ஓடுவேன். அடுத்த சந்துப் பையன்கள் என்னோடு ஓடிப் பார்த்து, ஒரு மாதத்தில் அலுத்துப் போய் விட்டுவிட்டார்கள். ஓடுவதைத் தவிர எனக்கு அப்போது வேறு எதிலும் பெரிய கெட்டிக்காரத்தனம் இல்லை. கணக்கில் பாதி மார்க்குதான். ஆனால் ஒரு நாள் சட்டையில் நம்பர் குத்திக்கொண்டு, ஜனங்கள் பார்க்க, மகாராஷ்டிராவுக்காக ஓட வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என்ன விளையாட்டு என்பது மட்டும் தெரியாது.

அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். அவருக்கு இரண்டாவது ஷிப்ட் வரும் வாரங்களில், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான்தான் மாட்டுங்காவுக்குச் சோற்று டப்பா கொண்டுபோவேன். போகிற வழியில் ஒரு மைதானம். அங்கே மாலையில் பெண்பிள்ளைகள் கோ-கோ விளையாடுவார்கள். எல்லாரும் மராத்திப் பெண்கள். இரண்டு கம்பங்களுக்கு நடுவே எட்டுப் பேர் ஒரே கோட்டில், ஒருத்தி இந்தப் பக்கம் பார்த்தும் அடுத்தவள் அந்தப் பக்கம் பார்த்தும் குத்தவைத்து உட்கார்ந்திருப்பார்கள். ஒன்பதாவது ஆள் எழுந்து எதிர்க்கட்சிக்காரிகளை விரட்டுவாள். தப்பி ஓடுகிறவள் உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஊடே புகுந்து எந்தப் பக்கமும் போகலாம். விரட்டுகிறவள் அப்படிக் கோட்டைத் தாண்டக் கூடாது. கம்பத்தைச் சுற்றித்தான் மறுபக்கம் போக வேண்டும். இல்லாவிட்டால், உட்கார்ந்திருப்பவள் ஒருத்தியின் முதுகைத் தொட்டு ‘கோ’ என்று சொல்ல வேண்டும். உடனே அவள் எழுந்து விரட்ட, இவள் அவள் இடத்தில் உட்கார வேண்டும்.

இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. முதல் நாள் டப்பாவோடு நின்று பார்த்தபோது, கண்ணெதிரே ஓடுகிற ஒருத்தியைப் பிடிக்க இத்தனை பேர் எதற்கு என்றுதான் தோன்றியது. என் ஓட்டை இந்தியில் அதைச் சத்தமாகவே சொல்லிவிட்டேன். அந்த அணியின் கேப்டனுக்குப் பதினாறு வயதிருக்கும். நெட்டையாக, இரட்டைச் சடை போட்டிருப்பாள். "வா, நீயே பிடி பார்ப்போம்" என்று கையைக் காட்டினாள். டப்பாவை மரத்தடியில் வைத்துவிட்டு இறங்கினேன். பத்து எட்டில் ஒருத்தியைத் தொட்டும் விட்டேன். ஆனால் நேராகக் கோட்டைத் தாண்டி ஓடியிருந்தேன். எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கேப்டன் மட்டும் சிரிக்கவில்லை. "நாளைக்கும் வா" என்றாள்.

அப்பா ஒர்க்‌ஷாப் வாசலில் காத்துக்கொண்டிருந்தார்.

"என்னட்டி, இவ்வளவு நேரம் ஆயிட்டு? சோறு ஆறிப் போச்சே."

நடந்ததைச் சொன்னேன். அவர் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "தொட்டியா?" என்று கேட்டார்.

"தொட்டேன்ப்பா. ஆனா அது தப்பாம்."

"சரி, முதல்ல டப்பா எங்கிட்ட வரணும். அப்புறம் நீ யாரை வேணும்னாலும் தொடு."

அம்மாவை வழிக்குக் கொண்டுவருவதுதான் கஷ்டமாக இருந்தது. பாவாடையோடு விளையாட முடியாது. அரைக்கால் சட்டை என்றால் அம்மா காதிலேயே வாங்கமாட்டாள். "நாலு பேரு பாக்கத் தொடை தெரிய ஓடப் போறியா?" என்று மூன்று நாள் பேசாமல் இருந்தாள். நாலாம் நாள் அப்பாவின் பழைய காக்கி பேன்ட்டை வெட்டி, முழங்காலுக்குக் கீழே வருகிற மாதிரி எனக்கு ஒன்று தைத்தாள். அதைப் போட்டுக்கொண்டு நான் போனபோது போலீஸ்காரன் வருகிறான் என்று மராத்திப் பெண்கள் கத்தினார்கள். நான் கவலைப்படவில்லை. ஆறே மாதத்தில் அந்த அணியில் விரட்டுவதற்கு என்னைவிட்டால் ஆளில்லை என்றாகிவிட்டது.

அந்த அணியில் என்னைத் தவிர இன்னொரு தமிழ்ப் பெண்ணும் இருந்தாள். மாட்டுங்காக்காரி. அவளுடைய அப்பா கோட்டைப் பகுதியில் ஏதோ கம்பெனி ஆபீஸில் இருந்தார். தடித்த மூக்குக்கண்ணாடியை ரிப்பனால் தலைக்குப் பின்னால் கட்டியிருப்பாள். ஓட்டம் சுமார். அவளை எதற்குச் சேர்த்தார்கள் என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

தமிழ் பேச ஒரு துணை கிடைத்தது என்று முதலில் எனக்குச் சந்தோஷம்தான். ஒரு நாள் ஆட்டம் முடிந்து நிற்கும்போது, "ஏளா, ஒங்க பஸ் வந்துட்டு" என்றேன்.

அவள் திரும்பி, "வந்துட்டு? வந்துட்டு என்ன பண்ணித்து?" என்று கேட்டாள்.

எனக்குப் புரியவில்லை. "வந்துட்டுன்னா வந்துட்டு. அங்கன பாரு, நிக்குது."

அவளோடு வந்திருந்த தங்கையைப் பார்த்து, "வந்துட்டாம்டி, வந்துட்டு!" என்று சொல்லி இருவரும் சிரித்துக்கொண்டே பஸ் ஏறிப் போனார்கள். ‘வந்துவிட்டது’ என்பதை எங்கள் ஊர்ப் பக்கம் அப்படித்தான் சொல்வோம். மராத்திக்காரிகள் என் காக்கிக் கால்சட்டையைப் பார்த்துச் சிரித்தபோது எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் தமிழ் பேசுகிறவள் என் தமிழுக்குச் சிரித்தது உள்ளே போய்த் தைத்துவிட்டது. அன்றிலிருந்து அவளோடு நான் பேசவில்லை. பேசாதது மட்டுமில்லை. ஆட்டத்தில் அவள் முதுகைத் தொடுவதையும் விட்டுவிட்டேன். இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி என்று மற்றவர்களுக்கெல்லாம் ‘கோ’ கொடுப்பேன், அவளுக்கு மட்டும் கிடையாது. பயிற்சியில் இது யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் தாதரில் பெண்கள் அணிகளுக்குப் போட்டி நடந்தது. அரையிறுதி வரை வந்துவிட்டோம். கடைசிச் சுற்றில் நாங்கள் விரட்ட வேண்டும். புள்ளிகள் சமமாக இருந்தன. நேரம் முடிய ஒரு நிமிடம்கூட இல்லை. எதிர்க்கட்சியில் ஒல்லியான ஒரு பெண் மட்டும் நின்று போக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். அவளைத் தொட்டால் இறுதி ஆட்டம்.

விரட்டியது நான். அவள் களைத்துவிட்டாள், அவள் மூச்சு எனக்குக் கேட்டது. எட்டிப் பிடிக்கப் போகும் நேரத்தில் சட்டென்று ஊடே புகுந்து மறுபக்கம் போய்விட்டாள். போய் நின்ற இடம், கண்ணாடிக்காரியின் முகத்துக்கு நேரே, ஒரு கை தூரத்தில். அவள் முதுகு எனக்கு எதிரே இருந்தது. தொட்டு ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் எழுந்திருக்கும்போதே கை பட்டுவிடும்.

"கோ தே! கோ தே!" என்று கேப்டன் தொண்டை கிழியக் கத்தினாள். கொடு, கொடு என்று மைதானமே கத்தியது.

நான் கொடுக்கவில்லை. கம்பத்தைச் சுற்றிப் போய் நானே பிடித்துவிடுவேன் என்று ஓடினேன். பிடித்துவிட முடியும் என்று உண்மையாகவே நம்பினேன். கம்பத்தில் கை வைத்துத் திரும்பும்போது விசில் ஊதிவிட்டார்கள். பிறகு கொடுத்த கூடுதல் ஆட்டத்தில் எங்களுக்குக் கால் எழவில்லை. தோற்றுப் போனோம்.

கேப்டன் என் தோளைப் பிடித்துத் திருப்பினாள். "உஸ்கோ கோ காய்கோ நை தியா?" அவளுக்கு ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டாள்.

"தெரியவில்லை, நான் பார்க்கவில்லை" என்றேன்.

கேப்டன் கண்ணாடிக்காரியைப் பார்த்தாள். அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் எனக்குச் சண்டை போட வசதியாக இருந்திருக்கும்.

ஒரு வாரம் நான் மைதானத்துப் பக்கமே போகவில்லை. டப்பா நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மூன்றாவது நாள் அப்பா கேட்டார்: "ஏன், விளையாட்டு இல்லியா?"

"தோத்துட்டோம்ப்பா."

"தோத்தா அப்புறம் போவாண்டாமா? நல்லதாப் போச்சு. எனக்குச் சுடச்சுடச் சோறு கெடைக்கி."

அவர் என்னைக் கிண்டல் செய்தாரா, நிஜமாகத்தான் சொன்னாரா என்று இன்றுவரை தெரியாது. ஆனால் அந்தப் பேச்சு எனக்குப் பொறுக்கவில்லை. எட்டாம் நாள் போய் நின்றேன். கேப்டன் வாயைத் திறக்கும் முன்பே, "அன்னைக்கு நான் பார்த்தேன். வேண்டுமென்றேதான் கொடுக்கவில்லை" என்று சொல்லிவிட்டேன். இந்தியில் சொன்னதால் மரியாதை, இலக்கணம் எல்லாம் குழம்பியிருக்கும். விஷயம் எல்லாருக்கும் புரிந்தது. கேப்டன் உட்காரும் கட்டத்தைக் காட்டினாள். "ஒரு மாதம் நீ விரட்டுவதைத் தொடங்க வேண்டாம். உட்கார். ‘கோ’ வந்தால் எழுந்து அடுத்தவளுக்குக் கொடு. அவ்வளவுதான்."

அன்று ஆட்டம் முடிந்ததும் கண்ணாடிக்காரி என்னிடம் வந்தாள்.

"எதுக்கு அப்படிப் பண்ணினே?"

"நீ எம் பேச்சக் கேட்டுச் சிரிச்ச."

அவளுக்கு அது ஞாபகமே இல்லை என்று முகத்தில் தெரிந்தது. பிறகு ஞாபகம் வந்துவிட்டது. "நான் சிரிச்சது தப்புதான்டி. அதுக்கு என்னைத் திட்டியிருக்கலாம், ரெண்டு அடிகூடப் போட்டிருக்கலாம். அதுக்காக யாராவது எட்டுப் பேரைத் தோக்கடிப்பாளா?"

மன்னிப்பு என்கிற சொல்லெல்லாம் எங்கள் வீட்டில் புழக்கத்தில் இல்லை. "ஒனக்கு எந்திரிக்கத் தெரியல. அதான் மெதுவா ஓடுத மாதிரி இருக்கு" என்றேன். "குதிகால மண்ணுல வச்சு உக்காராத. விரல ஊனி உக்காரு." உட்கார்ந்து காட்டினேன். அவளும் உட்கார்ந்து பார்த்தாள். இரண்டு தடவை மூக்குக் குப்புற விழுந்தாள். மூன்றாவது தடவை அம்பு மாதிரி எழுந்தாள்.

பிறகு அவள் எனக்கு ஒன்று சொன்னாள். "அந்த ஒல்லிப் பொண்ணு உள்ளே புகறதுக்கு முன்னாடி தோளைக் கொஞ்சம் இறக்குவா. நான் உக்காந்த இடத்துலேந்து நாலு தடவை பாத்தேன். நீ ஓடிண்டே இருக்கியா, உனக்குத் தெரியல." அவளை ஏன் அணியில் வைத்திருந்தார்கள் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. தண்டனையாக உட்கார்ந்திருந்த அந்த மாதம் முழுக்க நானும் தோள்களைப் பார்த்தேன். ஒருத்தி தோளை இறக்குவாள், ஒருத்தி பல்லைக் கடிப்பாள், ஒருத்தி திரும்பும் பக்கத்தை முன்கூட்டியே ஒரு நொடி பார்ப்பாள். ஓடுகிற வேகத்தில் நான் எத்தனையைத் தவறவிட்டிருக்கிறேன் என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

அடுத்த வருஷமே கோப்பையை வாங்கிவிட்டோம் என்று சொல்ல ஆசைதான். அடுத்த வருஷமும் தோற்றோம். இந்த முறையும் தவறு என்னுடையதுதான்: விரட்டும்போது பாதியில் திரும்பிவிட்டேன், அது ஃபவுல். ஆனால் அன்று இரவு நான் நன்றாகத் தூங்கினேன். தெரியாமல் செய்த தப்பைத் திருத்த ஒரு வாரப் பயிற்சி போதும். அதற்கடுத்த வருஷம் ஜெயித்தோம். கண்ணாடிக்காரி மட்டும் மூன்று பேரை வெளியேற்றினாள். அதில் இரண்டு நான் கொடுத்த ‘கோ’.

மாநில அணிக்குத் தேர்வு நடந்தபோது எனக்குப் பதினாறு வயது. கடைசிப் பட்டியலில் நான் இல்லை. மற்றப் பெண்கள் அழுதுகொண்டே பையை எடுத்தார்கள். நான் நேராகத் தேர்வாளர்கள் உட்கார்ந்திருந்த மேஜைக்குப் போய், எதில் குறை என்று மராத்தியிலேயே கேட்டேன். அதற்குள் எனக்கு மராத்தி நன்றாக வந்துவிட்டது. அவர்களில் ஒருவர் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "இடது கம்பத்தில் திரும்பும்போது இரண்டு எட்டு வீணாகிறது" என்றார். அவ்வளவுதானே என்று நினைத்துக்கொண்டேன். மழைக்காலம் பூராவும் மைதானம் சேறாகக் கிடந்ததால், மாட்டுங்கா நடைபாதையில் ஒரு விளக்குக் கம்பத்தைச் சுற்றிச் சுற்றித் திரும்பினேன். கண்ணாடிக்காரி குடையைப் பிடித்துக்கொண்டு எட்டுகளை எண்ணுவாள். போகிற வருகிறவர்கள் இந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று நின்று பார்த்தார்கள். மறு வருஷம் பட்டியலில் கடைசிக்கு முந்தைய பெயர் என்னுடையது. இரண்டு பருவம் மகாராஷ்டிராவுக்காக ஆடினேன். முதல் பருவத்தில் பெரும்பாலும் பெஞ்சில், இரண்டாவதில் பெரும்பாலும் களத்தில்.

இருபது வயதில் கல்யாணமாகி விக்ரோலிக்குப் போனேன். அவருக்கு அங்கே தொழிற்சாலை வேலை, காலனியில் வீடு. வருஷத்துக்கு ஒரு முறை காலனியில் விளையாட்டு விழா நடக்கும். பெண்களுக்கு என்ன போட்டி என்று கேட்டேன். கரண்டியில் எலுமிச்சம்பழம் வைத்து நடப்பது என்றார்கள். கோ-கோ வைக்கச் சொன்னேன். புடவையோடா என்று சிரித்தார்கள். பதினேழு பெண்களை வீடு வீடாகப் போய்ச் சேர்த்தேன்; தமிழ், மராத்தி, குஜராத்தி, ஒரு பஞ்சாபிக்காரி. சேலையைக் கச்சம் போட்டு இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினோம். என் வீட்டுக்காரர் கையில் கடிகாரத்தைப் பிடித்து நேரம் பார்த்தார். காலனி மொத்தமும் மொட்டைமாடியில் நின்று கத்தியது.

என் கட்சி ஜெயித்தது. மறு வருஷம் எலுமிச்சம்பழத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.