வட்டா ஏந்திய கை

“தொடாதீங்க மிஸ்ஸி, தொத்திக்கொள்ளும்!”

நர்ஸ் வேலையில் சேர்ந்து பெண்கள் வார்ட்டுக்குள் கால் வைத்த முதல் நாள் நான் கேட்ட பேச்சு இது. சொன்னவள் நோயாளி பூமணியேதான். பழுகாமத்து வயற்காரி. மார்பில் புற்று, ஒப்பரேசன் முடிந்திருந்தது. இடது கை வீங்கி உலக்கைபோலக் கிடந்தது. புருசன் கந்தையர் கதவடியில் நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவார்.

“தொத்திறதெண்டா எனக்கு முதல் தொத்தட்டும்” என்று தேங்காயெண்ணெயை எடுத்தேன். எனக்கு அப்போதே வாய் நீளம்.

டொக்டர் காட்டித் தந்த முறைதான். காயத்தின் பக்கம் போகக்கூடாது. கையைத் தலையணையில் உயர்த்தி வைத்து, விரலிலிருந்து தோள் பக்கமாக, பாலாடை கிழியாமல் தடவுவதுபோலத் தடவ வேண்டும். காலைதோறும் தடவினேன். வீக்கம் வற்றத் தொடங்கியது.

பூமணிக்கு நோயைவிட மகளின் கலியாணமே பெரிய கவலை. “மாப்பிள்ளை ஆக்களுக்கு நான்தான் மிஸ்ஸி வட்டா குடுக்கோணும். ஒத்தைக் கையால குடுத்தா மரியாதையா?” என்பாள். வட்டா என்பது வெற்றிலை வைத்து நீட்டும் பித்தளைத் தட்டம். வந்தவர்கள் அதில் கை வைக்காவிட்டால் எங்கள் பக்கத்தில் உறவே வேண்டாம் என்று அர்த்தம்.

வீட்டுக்குப் போனவள் கை சிவந்து, முன்னிலும் வீங்கித் திரும்பி வந்தாள். கந்தையரின் தங்கை, உழுக்கு, சுளுக்குக்குப் பிடிப்பதுபோல அமத்திப் பிடித்துவிட்டாளாம். கூட வந்திருந்தவளைப் பிடித்து ஏசினேன். “இதென்னகா, மாடு மிரிச்ச காலா அமத்திறதுக்கு?”

பூமணி தடுத்தாள். “ஏசாதீங்க மிஸ்ஸி. ஊட்டில என்னைத் தொட்டவள் இவள் ஒருத்திதான்.”

அந்த மச்சாளைப் பக்கத்தில் இருத்தி, அவள் கைமேல் என் கையை வைத்துப் பழக்கினேன்.

கலியாணத்துக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். பூமணி வாசலில் நின்று இரண்டு கையாலும் வட்டாவை நீட்டினாள். என்ன நெஞ்சுரம் அவளுக்கு! மாப்பிள்ளையின் தாய் அந்த வீங்கிய விரல்களைப் பார்த்துத் தயங்கினாள். நேரம் போகப்போகப் பாரம் தாங்காமல் இடது கை தாழ்ந்தது.

கந்தையர் விறுவிறென்று வந்தார். அந்தக் கைக்கு அடியில் தன் உள்ளங்கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டார்.

“எடுங்க தங்கச்சி” என்றார் மாப்பிள்ளையின் தாயிடம். “எண்ட பொண்டாட்டி தாறா.”

அந்த அம்மா வெற்றிலையை எடுத்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பூமணி அதற்குப்பின் கனகாலம் இருக்கவில்லை. இருந்தவரை எண்ணெய் தடவியது கந்தையர்தான். புதிதாக வரும் நர்ஸ் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: எண்ணெய்ப் போத்தலைத் திறக்க முதல், கதவடியில் நிற்கிற ஆளை உள்ளே கூப்பிடுங்கள்.