ஆளில்லாத வயலைப் படமெடுத்தவர்

உத்தமபாளையத்தில் என் உரக்கடைக்கு அடுத்த கடைதான் அப்துல் வாஹித்தின் ஸ்டூடியோ. கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் படம் என்று பிழைப்புக்குக் குறைவில்லாத மனிதர். ஆனால் வாரம் ஒரு நாளாவது விடிந்ததும் விடியாததுமாகக் கேமராவையும் ஸ்டாண்டையும் மொபெட்டில் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். கம்பம் ரோடு, சுருளிப்பட்டி ரோடு, தேவாரம் ரோடு என்று ஏதாவது ஒரு ரோட்டோரம் நின்று மலையையும் வயலையும் படமெடுப்பார். அந்தப் படங்களில் ஓர் ஆள்கூட இருக்க மாட்டார். கேட்டு வாங்குவோரும் கிடையாது. ஒரு மனிதன் இதை எதற்காகச் செய்வான்? காற்றாலைக் கம்பெனிக்கு இடம் பார்த்துக் கொடுக்கிறார் என்றுதான் நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இப்போதும் அந்த நினைப்பை முழுசாக விட்டுவிட்டேன் என்று சொல்ல மாட்டேன்.

அதுவும் கறுப்பு வெள்ளையில் எடுப்பார். நான் சொல்வது 2006ஆம் வருஷத்துக் கதை. செல்போனிலேயே கலர் படம் வந்துவிட்ட காலம். "ஏன் பாய், கலர் பிலிமுக்கு என்ன கேடு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கலர்ல எடுத்தா எல்லாம் ஒரே பச்சையாப் போகுது சண்முகராஜு. கறுப்பு வெள்ளையில தென்னை வேற, நெல்லு வேற, திராட்சை வேறன்னு பிரிஞ்சு நிக்கும். நம்ம ஊரு வெளிச்சம் ஒரு எடத்துல நிக்காது. கேரளாப் பக்கத்துல இருந்து மேகம் வந்துக்கிட்டே இருக்கும். நாமதான் அதுக்குத் தக்கன நடந்துக்கணும்" என்றார்.

நடந்துகொள்ளவும் செய்தார். காலையில் மேகமலைக்குப் பின்னாலிருந்து வெயில் எதிரே அடித்தால் இலைகளின் ஓரம் மட்டும் மினுங்கும்படி எடுப்பார். சாரல் விழுந்து எல்லாம் மங்கிப்போனால் மலைகளை ஒன்றின் பின் ஒன்றாக, திரை கட்டியதுபோல எடுப்பார். உச்சி வெயில் வந்து எல்லோரும் நிழலுக்கு ஒதுங்கும்போது லென்சின்மேல் ஒரு சிவப்புக் கண்ணாடியைத் திருகிப் போடுவார். படத்தில் வானம் கன்னங்கரேலென்று ஆகி மேகம் மட்டும் வெளேரென்று நிற்கும். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருப்பதற்காக ஒருவர் வெயிலில் காய்வாரா என்பதுதான் கேள்வி.

எங்கள் பக்கத்தில் கறுப்பு வெள்ளைப் படம் என்றால் ஒன்று பிணம், இல்லாவிட்டால் கோர்ட்டு. நிலத்தகராறு கோர்ட்டுக்குப் போனால், இடத்தைப் பார்த்து எழுதிவர ஒரு வக்கீலைக் கமிஷனராக அனுப்புவார்கள். அவரோடு போய் வரப்பையும் கிணற்றையும் படமெடுத்துக் கொடுக்கிற வேலையைப் பல வருஷம் பார்த்தவர் வாஹித்தான். அதனால் அவர் ஸ்டாண்டை விரித்தால் சுற்றுவட்டத்தில் எல்லோரும் கேட்பது ஒன்றுதான். யார் யார்மேல் கேஸ் போட்டது?

அந்த ஆனி மாதம் சுருளிப்பட்டி ரோட்டில் ஒரு வயல் அவருக்குப் பிடித்துப்போனது. முன்னால் திராட்சைப் பந்தல், நடுவே ஒரு கிணற்று மேடு, பின்னால் மலை. நினைத்த வெளிச்சம் அமையாமல் திரும்பத் திரும்ப அங்கே போய் நின்றார். வயல் சின்னச்சாமிக்குச் சொந்தம். சின்னச்சாமி என்னிடம்தான் உரம் வாங்குவார். தன் நிழல் பின்னால் வந்தாலும் ஏன் வருகிறாய் என்று கேட்கிற ஆள். ஒருநாள் பந்தலுக்குள்ளிருந்து வெளியே வந்து பிடித்துக்கொண்டார்.

"பாய், இங்கன என்ன வேலை?"

"வெளிச்சத்துக்காக நிக்கிறேண்ணே."

"சூரியன் உச்சந்தலையில நிக்குது. வெளிச்சம் இல்லைங்கிறீக?"

"இது ஆகாதுண்ணே. மேகம் ஒண்ணு வந்து உங்க பந்தல் மேல நிழலு விழணும். மலை மட்டும் வெயில்ல நிக்கணும்."

"எம் பந்தல் மேல எதுக்குய்யா நிழலு விழணும்?" என்றார் சின்னச்சாமி. அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "யாரு அனுப்புனா? சங்கிலியம்மாளா?"

சங்கிலியம்மாள் அவருடைய ஒரே தங்கை. தேவாரத்தில் வாழ்க்கைப்பட்டவர். அந்த நிலம் அவர்கள் அப்பா சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கியது. உயில் எழுதாமலே போய்ச் சேர்ந்துவிட்டார். தங்கைக்கும் அதில் பங்கு உண்டு. சின்னச்சாமிக்கு அது தெரியும். தெரிந்ததால்தான் பயம். ஆவணியில் சங்கிலியம்மாள் மகள் முனீஸ்வரிக்குக் கல்யாணம் வேறு வைத்திருந்தது. தாய்மாமன் என்று சொல்லிக்கொள்ள அந்தப் பெண்ணுக்கு இருப்பது சின்னச்சாமி ஒருவர்தான். மேளத்தோடு சீர் கொண்டுபோய், அவர் மாலை போட்ட பிறகுதான் பெண் மணவறையில் உட்கார வேண்டும்.

சின்னச்சாமி கேமராவைப் பிடுங்கிப் பின்மூடியைத் திறந்து பிலிமை முழம் முழமாக வெளியே இழுத்துப் போட்டார். வெயில் பட்டால் பிலிம் போயே போய்விடும். ஒரு மாத உழைப்பு. "எங்கிட்டச் சீரும் வாங்கிக்கிட்டு எம்மேலயே கேஸும் போடுவாளா? சீரும் கெடையாது, ஒண்ணும் கெடையாது!" என்று கத்தினாராம். வாஹித் பிலிமைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்து என் கடையில் உட்கார்ந்தார். கண் கலங்கியிருந்தது. பிலிமுக்காக என்று நினைத்தேன்.

"கல்யாணம் நின்னுபோயிரும்போல இருக்கே. கெட்ட பேரு எனக்குல்ல?" என்றார்.

மறுநாள், அதே வயலை முந்தின ரோலில் எடுத்துக் கழுவி வைத்திருந்த ஒரு படத்தைக் கொண்டுவந்தார். இதைக் காட்டினால் சின்னச்சாமிக்குப் புரிந்துவிடும் என்றார். சிபாரிசுக்கு நானும் கூடப் போனேன். சின்னச்சாமி படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"அன்னைக்கு வானம் நீலமாத்தான இருந்துச்சு? இதுல என்ன கறுப்பா இருக்கு?"

"அது நான் கண்ணாடி போட்டுக் கறுப்பாக்குனதுண்ணே. அழகுக்காக."

"வானத்தையே கறுப்பாக்குன ஆளு, வரப்பை நகட்ட மாட்டீகளா?"

நான் வாஹித்தைப் பார்த்தேன். அவர் படத்தை வாங்கி உறைக்குள் போட்டார். சும்மா சொல்லக் கூடாது, சின்னச்சாமி கேட்டது நியாயமான கேள்வியாகத்தான் எனக்குப் பட்டது.

"தேவாரத்துக்குப் போய் அந்தம்மாவையே பேசச் சொல்றேன்" என்றார் வாஹித். போகாதீர்கள் என்று தலையில் அடித்துக்கொண்டேன். நல்லது செய்யப் போகிறவர்கள் யார் சொல்லைக் கேட்டார்கள்? படத்தையும் எடுத்துக்கொண்டு போனார்.

விஷயத்தைக் கேட்டுச் சங்கிலியம்மாள் முதலில் சிரித்தாராம். "கேஸா? கோர்ட்டு எந்தத் தெசையில இருக்குன்னே எனக்குத் தெரியாதே பாய்! எங்கண்ணன் வெளையாட்டுக்குச் சொல்லியிருப்பாக." பிறகு படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "எங்கப்பா வெட்டுன கெணறு. அந்த மேட்டுலதான் எங்களுக்குக் கஞ்சி ஊத்துவாக" என்றார். இதை நான் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். வாஹித்தின் மலைப்படத்தை இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. மனுஷன் மகிழ்ந்துபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

சங்கிலியம்மாள் அன்றைக்கே அண்ணனுக்குப் போன் போட்டிருக்கிறார். நான் கேஸ் ஏதும் போடவில்லை, அந்தப் படம்கூட இதோ என் வீட்டில்தான் இருக்கிறது, நீங்களே வந்து பாருங்கள் என்று வெள்ளந்தியாகச் சொல்லியிருக்கிறார். சின்னச்சாமி மூச்சிரைக்க என் கடைக்கு வந்தார்.

"கேட்டியா சண்முகராஜு? கேஸ் போடலையாம். ஆனா எம் வயலு படம் மட்டும் அவ வீட்டுல இருக்காம். பாய் வேலை மெனக்கெட்டுப் போயிக் கொடுத்துட்டு வந்திருக்காக. எனக்குக் காது குத்துறாகளா?"

விளக்கிச் சொன்னேன். விளக்கச் சொல்லி எனக்கு யார் கூலி கொடுத்தது என்று கேட்டுவிட்டுப் போனார். அதோடு உரத்தையும் வேறு கடையில் வாங்க ஆரம்பித்தார்.

கல்யாணத்துக்குப் படமெடுக்கப் போனது வாஹித்தான். முன்பே பேசிவைத்த வேலை. தாய்மாமன் சீர் வரும் என்று மண்டப வாசலில் கேமராவோடு நின்றிருக்கிறார். பட்டுச்சேலையோடு முனீஸ்வரியும் வாசலுக்கு வந்து நின்றிருக்கிறாள். முகூர்த்தம் நெருங்க நெருங்க மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் குசுகுசுவென்று பேசத் தொடங்கினார்கள். என்ன குடும்பமோ, பெண்ணிடம் என்ன கோளாறோ என்று அவர்களுக்கும் சந்தேகம் வருமே. கடைசியில் தூரத்து உறவில் மாமன் முறை வருகிற ஒருவரைப் பிடித்து நிறுத்தி மாலை போட வைத்தார்கள். வாஹித் கேமராவைத் தூக்கியபோது சங்கிலியம்மாள் லென்சைக் கையால் மறைத்து, "இதை எடுக்காதீக பாய்" என்றாராம். இதை வாஹித் வந்து சொன்னபோது எனக்குச் சின்னச்சாமிமேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது.

ஆல்பம் தயாரானதும் வாங்கிப்போக சங்கிலியம்மாளே வந்தார். நான் அப்போது ஸ்டூடியோவில்தான் இருந்தேன். அவர் ஆல்பத்தைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. பையிலிருந்து அந்த வயல் படத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"பாய், இதுக்கு நெகட்டிவ் இருக்கா?"

"இருக்கும்மா. பெருசாப் போடணுமா?"

"நெகட்டிவே வேணும். வக்கீல் கேட்டாக. அதையும் சேத்துக் கொடுத்தாத்தான் கோர்ட்டுல செல்லுமாம்."

வாஹித் அவரையே பார்த்தார். "அந்த நெனப்பே இல்லைன்னு சொன்னியேம்மா?"

"அன்னைக்கு இல்லை பாய். எம்மக வாசலைப் பாத்துக்கிட்டே நின்னாளே, அப்பக்கூட இல்லை." சங்கிலியம்மாள் அழவில்லை. சேலை முந்தானையைச் சரிசெய்துகொண்டார். "ஆனா நான் கேஸ் போட்டுட்டேன்னு எங்கண்ணன் ஊரு பூராம் சொல்லிட்டாக. கூடப் பொறந்தவுகளைப் பொய் சொன்னவுகளா ஆக்கலாமா?"

வாஹித் எழுந்து நெகட்டிவைத் தேட உள்ளே போனார்.