கையில் இல்லாத சாவி

என்னிடம் இருக்கும் கார் சாவியைப் பார்த்தால் காரை நேற்றுதான் வாங்கினேன் என்று நினைப்பீர்கள். கறுப்புப் பிடியில் ஒரு கீறல் கிடையாது. கார் என்னவோ பழசு. பம்பரில் பெயின்ட் உரிந்து, ஒரு பக்கக் கண்ணாடியை டேப் போட்டு ஒட்டியிருக்கிறோம். சாவி மட்டும் புதிதாக இருப்பதற்குக் காரணம், அதை இத்தனை வருடம் யாரும் தொடவில்லை. சமையலறை அலமாரியில் பிஸ்கட் டின்னுக்குள் கிடந்த மாற்றுச் சாவி அது. பிடி தேய்ந்து, ஓரம் வெளுத்துப்போன சாவி அக்காவிடம் இருந்தது. இப்போதும் அவளிடம்தான் இருக்கிறது.

அம்மா போன பிறகு எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் அக்காதான். எங்கள் ஊர் லாயாங் லாயாங்கிலிருந்து தினமும் காலையில் நாங்கள் இருவரும் அவள் காரில் செடெனாக்குக்குக் கிளம்புவோம். அங்கே புதிதாக எழும்பியிருக்கும் பெரிய பெரிய கட்டடங்களில் ஒன்றில் அவள் காவல் பிரிவில் இருந்தாள். எனக்கு அங்கேயே டவுனில் ஒரு கிளினிக்கில் மருந்து கொடுக்கும் வேலை. லைசென்ஸ் என்னிடமும் இருந்தது. என்ன பிரயோஜனம்? ஸ்டியரிங்கை அவள் விட்டால்தானே. எனக்குக் கை துறுதுறுக்கும்போதெல்லாம், "நீ உக்காரு, நான் ஓட்டுறேன்" என்று சொல்லிவிட்டு எனக்கு இடது பக்கக் கதவைத் திறந்துவிடுவாள். களைத்து வரும் நாளிலும் அதே பேச்சுதான்.

அவள் சாவியை எடுக்கும் விதமே தனி. வேளாங்கண்ணி மாதா படம் போட்ட ஒரு சின்ன ஜிப் பைக்குள் ஜெபமாலையையும் சாவியையும் ஒன்றாகப் போட்டு வைத்திருப்பாள். இரண்டும் தினமும் சிக்கிக்கொள்ளும், தினமும் நின்று பிரிப்பாள். பிறகு சாவியைப் போட்டுப் பாதி திருகிவிட்டு அப்படியே நிறுத்துவாள். முன்னால் சாவி வடிவத்தில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு எரியும். "பொறு, நான் யாருன்னு பாத்துக்கிட்டு இருக்கு" என்பாள். விளக்கு அணையும். "ஆங், தெரிஞ்சிருச்சு" என்று முழுதாகத் திருகுவாள். தினமும் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துப்போயிருந்தது. நேரமாகுதுக்கா, எடு என்று நான் சிடுசிடுப்பேன்.

டிங்கிக் காய்ச்சல் என்று மருத்துவமனையில் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. அடக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் அழுதார்கள். எனக்கு வரவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, யாருக்குக் காப்பி வரவில்லை என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாவின் தங்கை, எங்கள் அத்தை, அக்காவின் கைப்பையிலிருந்து அந்த மாதா பையை எடுத்து, ஜிப்பைக்கூடத் திறக்காமல் அவள் விரல்களுக்கு அடியில் வைத்தார். ஜெபமாலை அவளோடு போகட்டும் என்றார். நான் தலையாட்டினேன். மூடியைப் போட்டார்கள். கோயிலிலிருந்து கல்லறைக்குப் போகும் வழியில் வெயில் கொளுத்தியது என்பது நினைவிருக்கிறது. மற்றது எதுவும் சரியாக நினைவில்லை.

கார் போர்ச்சில் அப்படியே நின்றது. அப்பா அதைத் துடைப்பதும் இல்லை, பார்ப்பதும் இல்லை. நான் பஸ்ஸுக்கும் யார் யாரோ காருக்கும் காத்துக் கிடந்து வேலைக்குப் போய்வந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை திடீரென்று என்ன தோன்றியதோ, அப்பா பிஸ்கட் டின்னைத் திறந்து மாற்றுச் சாவியை எடுத்தார். பேட்டரி செத்திருந்தது. பக்கத்து வீட்டுக் காரிலிருந்து கரன்ட் எடுக்க அவர் கொண்டுவந்த கேபிள், கறுப்பு எது சிவப்பு எது என்று தெரியாத அளவுக்கு நிறம் போனது. இரண்டையும் மாற்றி மாட்டிவிட்டார். பட்டென்று ஒரு பொறி, கருகிய நாற்றம். அதன்பிறகு எதைத் திருகினாலும் கார் கம்மென்றே இருந்தது. அப்பா கேபிளைக் கையில் பிடித்தபடி ரொம்ப நேரம் நின்றார்.

கூலாயில் பட்டறை வைத்திருக்கும் பாய் லாரியில் வந்து காரை இழுத்துக்கொண்டு போனார். புது பேட்டரி போட்டு, எரிந்த ஃபியூஸ்களை மாற்றியும் எஞ்சின் எடுக்கவில்லை. பெட்ரோல் ஏற்றும் எண்ணெய் பம்ப்தான் கோளாறு என்று நினைத்து அதில் ஒரு நாளை வீணாக்கினார். அப்புறம்தான் எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டர் பெட்டியே எரிந்துபோயிருப்பது தெரிந்தது. கார்களை வெட்டிப் பாகம் பாகமாக விற்கும் பொத்தோங் கடையில் தேடி, அதே மாடல் காரின் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினார். நானும் அப்பாவும் அன்றைக்குப் பட்டறையில் இருந்தோம். எஞ்சின் பிடித்தது. அப்பா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். இரண்டு மூச்சு விடும் நேரம் ஓடியிருக்கும், நின்றுவிட்டது. மறுபடி திருகினார், மறுபடி பிடித்து, மறுபடி நின்றது. முன்னால் அந்தச் சிவப்புச் சாவி விளக்கு அணையாமல் சிமிட்டிக்கொண்டே இருந்தது.

"இது வேற வண்டியோட பெட்டி லா. உங்க சாவிக்குள்ள இருக்கிற சிப்ப இதுக்கு அடையாளம் தெரியல. திருட்டு வண்டின்னு நெனச்சு ஆஃப் பண்ணிருது" என்றார் பாய். பழைய பதிவை அழித்துவிட்டு, எங்கள் சாவிகளைப் புதிதாகப் பதிய வேண்டுமாம். பதியும்போது கையில் இருக்கிற சாவியை மட்டும்தான் பெட்டி ஏற்றுக்கொள்ளும். அதனால் எல்லாச் சாவியையும் கொண்டுவரச் சொன்னார்.

"ரெண்டு சாவி இருக்கணுமே தங்கச்சி. இன்னொன்னு எங்க?"

வீட்டில் எங்கே பார்த்தேன், கைப்பையில் இல்லையே, அவள் வேலைச் சட்டைப் பையில் இல்லையே என்று மனதுக்குள் ஒவ்வொரு இடமாகப் போய்வந்தேன். பிறகு மாதா பை கண்முன்னால் வந்தது. நான் அப்பாவைப் பார்த்தேன். அவரும் அதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்திருந்தார். "அவகிட்ட இருக்கு" என்றார். பாய்க்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, எங்களுக்கு எதிரில் உட்கார்ந்துவிட்டார்.

இன்னொரு வழியும் இருப்பதாக அவர்தான் சொன்னார். சாவியை அடையாளம் பார்க்கும் வேலையையே பெட்டியிலிருந்து எடுத்துவிடலாம். அப்போது எந்தச் சாவியானாலும் ஓடும், அக்காவின் சாவியும் ஓடும். ஆனால் கம்பியை விட்டுத் திருகுகிறவனுக்கும் ஓடும். அப்பா உடனே அதையே பிடித்துக்கொண்டார். "அவ சாவிய அழிக்க வேணாம்மா" என்றார். என்னிடம் அப்பா எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை. எங்கள் வரிசையில் கோடி வீட்டுக்காரரின் கார், பட்டப்பகலில் போர்ச்சிலிருந்து காணாமல் போனது. அவர் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார். நான் செடெனாக்கில் காரை நாள் முழுக்கத் தெருவோரம் நிறுத்த வேண்டியவள். சாவியை வைத்துக்கொள்ளப் போய்க் காரைத் தொலைத்தால் எங்களுக்கு என்ன மிஞ்சும்? அப்பாவின் முகத்தைப் பார்க்காமல், "இருக்கிற சாவிய மட்டும் பதிஞ்சிருங்க பாய்" என்றேன். என் குரல் கிளினிக்கில் மாத்திரை எப்போது போடணும் என்று சொல்கிற குரலாகவே இருந்தது. அதுதான் எனக்கே பயமாக இருந்தது.

பாய் ஸ்டியரிங்குக்கு அடியில் ஒயரைச் செருகி லேப்டாப்பைத் தட்டினார். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. சிமிட்டிக்கொண்டிருந்த விளக்கு ஒரு தடவை நின்று எரிந்து அணைந்தது. எஞ்சின் பிடித்தது. இந்தத் தடவை நிற்கவில்லை. அப்பா கொஞ்ச நேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு பாயிடம் போய், ரகசியம் கேட்கிற மாதிரி, அந்தச் சாவி இனிமேல் ஒன்றுக்கும் ஆகாதா என்று கேட்டார்.

"கதவு தொறக்கும் ஐயா. பூட்டு அதே பூட்டுதானே. தொறந்து உள்ள உக்காரலாம். ஓட்டத்தான் முடியாது."

அப்பா தலையாட்டினார். வீடு வரைக்கும் நான் ஓட்ட, அவர் முன்னால் ஏறாமல் பின் சீட்டில்தான் உட்கார்ந்து வந்தார்.

மறுநாள் காலை வேலைக்கு நானே ஓட்டிப் போனேன். பளபளக்கும் அந்தப் புதுச் சாவியைப் போட்டுப் பாதி திருகி நிறுத்தினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. அக்கா சொல்வதைத்தான் என் வாயும் சொன்னது: பொறு. அணைந்தது. இடது பக்கம், இத்தனை வருடம் நான் உட்கார்ந்த சீட் காலியாக இருந்தது. அவளிடம் சாவி இருக்கிறது, கதவு திறக்கும், உட்காரலாம்.

"நீ உக்காருக்கா, நான் ஓட்டுறேன்" என்றேன். சத்தமாகவே சொன்னேன். அப்போதும் அழுகை வரவில்லை. அவள் ஏறி உட்கார எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் காத்திருந்துவிட்டு, காரை எடுத்தேன்.