எங்கள் கடையின் ஒல்லாந்தர்

வேலைக்குச் சேர்ந்த முதல் சனிக்கிழமை, மேரின் என்னைக் கடையின் பின்பக்கம் அழைத்துப் போனாள். அது ஒஸ்லோவில் ஒரு டைல்ஸ் கடை. மேரின் அதன் முதலாளி. பின்பக்கத்தில் ஒருவர் குளியலறைச் சுவருக்கான வெள்ளை டைல்ஸை ஒவ்வொன்றாக எடுத்து, வெடிப்பு இருக்கிறதா என்று விரல் முட்டியால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களுடைய கல்யாண வீடுகளில் பந்தி மேற்பார்வை செய்கிற மாமாக்களைப் போலவே இருந்தார். அதே நிறம், அதே மீசை, சுவெற்றருக்கு உள்ளே அதே கோடு போட்ட சேட்டு.

"இது யூஹான்," என்றாள் மேரின். "ஒல்லாந்துக்காரர். டெல்ஃப்டில் பிறந்தவர்."

நான் அவரைப் பார்த்தேன். அவர் டைல்ஸைப் பார்த்தார்.

"உங்கள் இருவருக்கும் நன்றாக ஒத்துப்போகும், சாருகா. யூஹானுடைய மனைவி தமிழ். அவளிடமிருந்து இவரும் பழகிவிட்டார். யூஹான், ஏதாவது பேசிக் காட்டு."

அவர் டைல்ஸைக் கீழே வைத்துவிட்டு, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் சொன்னார்:

"வா பிள்ளை. சிரிச்சுப் போடாதை. நீ சிரிச்சியெண்டால் என்ரை கதை முடிஞ்சுது."

"நீங்கள் எவடம், மாமா?"

"டெல்ஃப்ட். உவள் சொன்னது காதிலை விழேல்லையே?"

"டெல்ஃப்ட் எண்டால் நெடுந்தீவு எல்லோ?"

"மெல்லக் கதை. அவளுக்குப் பாஷை விளங்காது, மூஞ்சை விளங்கும்."

மேரின் ஆவலோடு என் பக்கம் திரும்பினாள். "எப்படி? அவருடைய தமிழ் எப்படி இருக்கிறது?"

"நன்றாக இருக்கிறது," என்றேன்.

"உச்சரிப்பு?"

"உச்சரிப்பும்."

மேரினுக்குப் பெருமை தாங்கவில்லை. "ஒல்லாந்துக்காரர்களுக்கு மொழி எளிதாக வரும். என் கணவன் ஐந்து வருடமாக ஸ்பானிஷ் படிக்கிறான், இன்னும் கோப்பி வாங்கத் தெரியாது," என்றாள்.

யூஹானின் உண்மைப் பெயர் யோகராசா. அவர் ஒரு பொய்யும் சொன்னதில்லை. இதை நான் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவர் என்னிடம் பல தடவை வற்புறுத்திச் சொன்ன விடயமும் அதுதான்.

எண்பதுகளின் கடைசியில் அகதியாக ஒஸ்லோவுக்கு வந்தார். நோர்வே மொழி படிக்கிற நொஸ்க் வகுப்பில் முதல் பாடத்தை முடித்த கையோடு இந்தக் கடைக்கு வேலை கேட்டுப் போனார். அப்போது முதலாளி மேரினின் அப்பா மார்க்கஸ். பெயர் என்ன என்று மார்க்கஸ் கேட்டார். வீட்டில் கூப்பிடுகிற பெயரைச் சொன்னார்: யோகன். மார்க்கஸின் காதில் அது யூஹான் என்று விழுந்தது. எங்கே பிறந்தாய் என்பது அடுத்த கேள்வி. அதுவும் முதல் பாடத்தில் இருந்த கேள்விதான்.

ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தை ஆண்டபோது, சுற்றியிருந்த தீவுகளுக்குத் தங்கள் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினார்கள். வேலணை லெய்டன் ஆனது. காரைநகர் அம்ஸ்டர்டாம் ஆனது. அவர்கள் போனதும் அந்தப் பெயர்கள் உதிர்ந்துவிட்டன. நெடுந்தீவுக்கு மட்டும் டெல்ஃப்ட் என்ற பெயர் ஆங்கில வரைபடங்களில் ஒட்டிக்கொண்டுவிட்டது. நெடுந்தீவு என்பது மார்க்கஸின் வாயில் நுழையாது என்ற நல்லெண்ணத்தில், யோகராசா மாமா "டெல்ஃப்ட்" என்றார். நீலச் சித்திர டைல்ஸுக்கு உலகப் பெயர் பெற்ற ஒல்லாந்து நகரம் ஒன்று அதே பெயரில் இருப்பது அவருக்குத் தெரியாது. டைல்ஸ் வியாபாரியிடம் போய் டெல்ஃப்டில் பிறந்தேன் என்பது, பட்டுப்புடைவைக் கடையில் போய்க் காஞ்சிபுரத்தில் பிறந்தேன் என்பதைப் போன்றது. மார்க்கஸ் எழுந்து நின்று கைகொடுத்தாராம்.

நிறத்தைப் பற்றி மார்க்கஸ் கேட்கவில்லை. அப்படிக் கேட்பது பண்பில்லை என்று வளர்க்கப்பட்டவர். பல தேசங்களை ஆண்ட நாட்டில் பல நிறத்திலும் ஆட்கள் இருப்பார்கள் என்று தனக்குத்தானே விளக்கம் சொல்லிக்கொண்டார். ஒல்லாந்து மொழி தெரியுமா என்று மட்டும் கேட்டார். கைக்குழந்தையாக இருக்கும்போதே ஊரை விட்டு வந்துவிட்டேன் என்றார் மாமா. அதுவும் உண்மைதான். தலைப்பிள்ளையைப் பெற அவருடைய அம்மா நெடுந்தீவிலுள்ள தாய்வீட்டுக்குப் போனார். பிரசவத் துடக்குக் கழிந்ததும் பிள்ளையோடு யாழ்ப்பாண நகருக்கு அருகிலுள்ள கோண்டாவிலுக்குத் திரும்பிவிட்டார். பிறகு அப்பாவுக்கும் அம்மாவின் தமையனுக்கும் காணிச் சண்டை. அந்தத் தீவுக்குக் குடும்பத்தில் ஒருவரும் மீண்டும் வள்ளம் ஏறவில்லை. ஆகவே யோகராசா மாமா வளர்ந்ததும் படித்ததும் அடி வாங்கியதும் எல்லாம் கோண்டாவிலில்.

முதல் வாரத்திலேயே ஒரு கிழவி பழைய நீல டைல் ஒன்றைக் கொண்டுவந்து, "இது உன் ஊர்தானே, எந்தக் காலத்தது?" என்று கேட்டபோதுதான் மாமாவுக்கு விடயம் விளங்கியது. அன்று மாலையே நூலகத்துக்குப் போனார். மார்க்கஸிடம் போய் விளக்குவதற்கு முதல் பாடத்து நொஸ்க் போதாது. விளக்கும் அளவுக்கு நொஸ்க் வந்தபோது, விளக்குவதற்கான காலம் கடந்துவிட்டது.

அதனால் டெல்ஃப்டைப் படித்தார். டெல்ஃப்ட் என்றால் தோண்டியது என்று பொருள். வாய்க்கால் வெட்டியதால் வந்த பெயர். முதலில் அது பியர் காய்ச்சுகிற ஊர். அந்தத் தொழில் நொடித்துப்போக, காலியான வடிசாலைகளில் மட்பாண்டக்காரர்கள் குடியேறினார்கள். சீனாவில் சண்டை மூண்டு அங்கிருந்து பீங்கான் வருவது குறைந்தபோது, இவர்கள் சாதாரண மண்ணுக்கு வெள்ளை மெருகு பூசி, மேலே நீலத்தில் வரைந்து, சீனப் பீங்கானைப் போலவே செய்து விற்றார்கள். போலி அசலைவிடப் பெயர் எடுத்துவிட்டது.

"பாத்தியே பிள்ளை," என்றார் ஒருமுறை, மதியம் புட்டுப் பெட்டியைத் திறந்தபடி. "அந்த ஊருக்கே பேர் வந்தது வேறை ஊர்ச் சாமானாலை. என்னை மட்டும் ஏன் குறை சொல்லுவான்?"

வெடிமருந்துக் கிடங்கு வெடித்து நகரத்தின் ஒரு பகுதி தரைமட்டமான கதையை அவர் சொல்லிக் கேட்க வேண்டும். 1654இல் நடந்தது. மருந்து நல்ல நிலையில் இருக்கிறதா பார்ப்போம் என்று ஒரு உத்தியோகத்தர் கதவைத் திறந்திருக்கிறார். "நல்ல நிலையிலைதான் இருந்திருக்கு," என்று முடிப்பார். வாடிக்கையாளர்கள் சிரித்து, கேட்டதைவிட அதிகமாக வாங்கிப் போவார்கள்.

ஒருவர் ஒல்லாந்து மொழியில் ஏதாவது சொல் என்று விடாமல் நின்றபோது, மாமா "கந்தோர்" என்றும் "லாச்சி" என்றும் சொன்னாராம். அலுவலகத்துக்கும் மேசை இழுப்பறைக்கும் ஒல்லாந்தர் எங்களிடம் விட்டுப்போன சொற்கள். நோர்வேயிலும் அலுவலகத்துக்குக் கிட்டத்தட்ட அதே சொல்தான் என்பதால் கேட்டவருக்குப் பூரண திருப்தி. மூன்றாவதாக, நம் எல்லோர் வீட்டின் பின்பக்கத்திலும் இருந்த கக்கூஸ் என்ற ஒல்லாந்துச் சொல்லை வாடிக்கையாளர் முன்னால் சொல்ல அவருக்குக் கூச்சமாக இருந்ததாம்.

இந்தியாவிலிருந்து வந்து கணினி வேலை பார்க்கிற கிரிதர் என்பவர் சமையலறைக்கு டைல்ஸ் பார்க்க வந்த நாளில் நான் உண்மையாகவே பயந்தேன். மேரின் முந்திக்கொண்டு, எங்கள் ஒல்லாந்தர் உன் மொழி பேசுவார் என்று சொல்லிவிட்டாள்.

"சார், நீங்க டச்சா? தமிழ் பின்றீங்களே!" என்றார் கிரிதர். "ஆனா சார், லேசா சிலோன் வாடை அடிக்குது."

"மனிசி யாழ்ப்பாணம்," என்றார் மாமா. அதுவும் உண்மைதான்.

"அதானே பாத்தேன். பரவால்ல சார், போகப் போகச் சரியாயிடும்."

கிரிதர் போனபின் மாமா வெகுநேரம் டைல்ஸ் அடுக்கினார். "என்ரை தமிழைத் திருத்தப் பாக்கிறான்," என்று மட்டும் முணுமுணுத்தார்.

இப்படியே மாமாவுக்கு ஓய்வு பெறும் வயதும் வந்தது. மார்க்கஸ் காலமாகிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. பிரியாவிடைக்கு மேரின் கேக் வாங்குவாள் என்று எதிர்பார்த்தோம். மேரின் ஆறு விமானச் சீட்டுகள் வாங்கினாள். களஞ்சியத்தில் வேலை செய்கிற மூவர் உட்படக் கடையில் எல்லோரும் மாமாவோடு டெல்ஃப்டுக்குப் போகிறோம். அவர் பிறந்த வீட்டைப் பார்க்கப் போகிறோம்.

அன்று மாலை புறநகரான ஹவுகெட்டோவிலுள்ள மாமாவின் வீட்டுக்குப் போனேன். மனைவி வசந்தமலர் மாமி எனக்குத் தேத்தண்ணி ஊற்றியபடி அவரைச் சீண்டிக்கொண்டிருந்தார்.

"போங்கோவன். போய் உங்கட ஒல்லாந்து மாமியாக்களைப் பாத்திட்டு வாங்கோ."

"பகிடி விடாதையும், மலர்."

"நான் எத்தினை தரம் சொன்னனான், அந்தாள் உயிரோடை இருக்கேக்கை சொல்லிப் போடுங்கோ எண்டு? பிள்ளை, நீயே சொல்லு. கோயிலுக்கு வேட்டியோடை வாறவர், அங்கை போனால் வெள்ளைக்காரன். என்னை ஆரோ ஒல்லாந்தனைக் கட்டினவள் எண்டு கடையிலை நினைச்சுக்கொண்டிருக்கினம்."

"நான் ஒரு பொய்யும் சொல்லேல்லை."

"ஓம், சொல்லேல்லை. இனித்தான் சொல்லப் போறியள்."

அதுதான் பிரச்சினை. அதுவரை அவர் சொன்ன ஒவ்வொன்றும் மெய். டெல்ஃப்டில் போய் ஒரு வீட்டைக் காட்டினால் அது பொய். காட்டாவிட்டால், இத்தனை வருடம் மார்க்கஸை ஏமாற்றியவன் என்று மேரின் நினைப்பாள். மாமி தேத்தண்ணிக்குச் சீனியை அதிகமாகப் போட்டுவிட்டார். மூவரும் அப்படியே குடித்தோம்.

டெல்ஃப்டில் அவருக்கு வழிகாட்டி தேவைப்படவில்லை. ஒருநாளும் கால் வைக்காத ஊரில், வரைபடம் இல்லாமல், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு முன்னே நடந்தார். பழைய தேவாலயத்தின் கோபுரம் ஏன் சரிந்து நிற்கிறது என்று சொன்னார்: வாய்க்காலை மூடி அதன்மேல் கட்டினார்கள். ஊரவர்கள் அதைக் கோணல் யான் என்பார்கள். யான் என்பது யூஹான்தான் என்றார். எல்லோரும் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. இளவரசர் வில்லியம் சுடப்பட்ட மாளிகையின் வாசலில் நின்று, குண்டு பட்ட துளைகள் உள்ளே எந்தச் சுவரில் இருக்கின்றன என்று கையை நீட்டிக் காட்டினார். ஜன்னல்களுக்குத் திரைச்சீலை போடாமல், உள்ளே ஆடம்பரமாக ஒன்றும் வைக்காமல், பார்க்கிறவன் பார்க்கட்டும் என்று இருப்பது இந்த ஊரின் குணம் என்றார். மறைக்க ஒன்றும் இல்லை என்று காட்டுவதற்காகவே திறந்து வைக்கிறார்களாம்.

பழைய வாய்க்காலோரம் ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கும்பனியின் வீட்டுக்கு முன்னால் மேரின் நின்றாள்.

"சரி யூஹான். உன் வீடு எது? வாசலில் உன்னைப் படம் எடுக்கிறேன். கடையில் அப்பாவின் படத்துக்குப் பக்கத்தில் மாட்டப் போகிறேன்."

எதிரே வரிசையாகக் கதவுகள். ஒன்றைக் காட்டினால் முடிந்துவிடும். மாமா எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்தார். மார்க்கஸின் பேச்சு வராமல் இருந்திருந்தால் ஒருவேளை காட்டியிருப்பாரோ என்னவோ.

"நான் பிறந்தது இந்த டெல்ஃப்டில் இல்லை," என்றார்.

"வேறு டெல்ஃப்ட் எங்கே இருக்கிறது?"

"இந்து சமுத்திரத்தில்."

சொல்லி முடிக்க வெகுநேரம் எடுக்கவில்லை. கும்பனி, தீவுகள், அம்மாவின் பிரசவம், முதல் பாடம். இரண்டு சைக்கிள்கள் மணி அடித்துக்கொண்டு எங்களைச் சுற்றிப் போயின.

"அப்பாவுக்குத் தெரியுமா?" என்றாள் மேரின்.

"எங்கே பிறந்தாய் என்று கேட்டார். சொன்னேன். எந்தக் கடலில் என்று கேட்கவில்லை."

"அப்படியானால் நீ தமிழ்."

"ஆமாம்."

மேரின் என் பக்கம் திரும்பினாள். "நீ அவருடைய தமிழ் நன்றாக இருக்கிறது என்றாயே!"

"நன்றாகத்தானே இருக்கிறது," என்றேன்.

அவள் பக்கத்திலிருந்த வாய்க்கால் பாலத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தாள். மாமா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். களஞ்சியத்தில் வேலை செய்கிறவர்கள் மூவரும் பக்கத்துக் கட்டடத்தை மிகுந்த அக்கறையோடு ஆராயத் தொடங்கினார்கள்.

"என் கல்யாணத்தில் உனக்காக ஒல்லாந்திலிருந்து பச்சை ஹெரிங் மீன் வரவழைத்தோம்," என்றாள் கடைசியில். "நீ சாப்பிட்டாய்."

"சாப்பிட்டேன்."

"பிடித்திருந்ததா?"

"இல்லை."

மேரின் சிரிக்கத் தொடங்கினாள். கண்ணைத் துடைத்தாள், மறுபடி சிரித்தாள். அப்பா இருந்திருந்தால் இந்தக் கதையை இன்னும் பெரிதாக்கிச் சொல்லியிருப்பார் என்றாள். மாமா தொப்பியைப் போட்டுக்கொண்டார். நிம்மதியில் அவருடைய தோள்கள் அப்படி இறங்கி நான் பார்த்ததில்லை. எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்று நானும் நினைத்தேன்.

ஆனால் மேரின் ஒரு வேலையை அரைகுறையாக விடுகிற ஆள் இல்லை. விமான நிலையத்தில் கைத்தொலைபேசியோடு எங்களிடம் வந்தாள்.

"உன்னைப் பிழையான ஊருக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டோம். இது பரிசே இல்லை. பெப்ரவரியில் வியாபாரம் குறைவு. எல்லோரும் உன் உண்மையான டெல்ஃப்டுக்குப் போகிறோம். ஒல்லாந்துக் கோட்டைகூட இருக்கிறதாமே, காட்டுக் குதிரைகளும்! பார்த்திராத ஊரையே இப்படிக் காட்டினாய், யூஹான். பிறந்த ஊரை எப்படிக் காட்டுவாய் என்று யோசித்துப் பார்க்கிறேன்."

"ஓம்," என்றார் மாமா. நொஸ்க்கில் சொல்ல மறந்துவிட்டார்.

ஒஸ்லோவில் இறங்கி, ஹவுகெட்டோ ரயிலில் நாங்கள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். அவர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு முன்னால் குனிந்து, பெட்டியில் வேறு தமிழர் ஒருவரும் இல்லாதபோதும், குரலைத் தாழ்த்தினார்.

"பிள்ளை, ஒரு உதவி செய்வியே? இஞ்சை நெடுந்தீவு ஆக்களுக்கு ஊர்ச் சங்கம் ஒண்டு இருக்கு. நான் போய்க் கேக்கேலாது. 'நீர் கோண்டாவில் ஆள் எல்லோ, உமக்கென்ன நெடுந்தீவிலை அலுவல்' எண்டு கேப்பினம். நீ போ. யூனிவசிட்டிக்கு ஏதோ எழுதிறன் எண்டு சொல்லு. வள்ளத்தாலை இறங்கினவுடனை கோட்டைக்கு எந்தப் பக்கம் திரும்பிறது, அதை மட்டும் முதல் கேட்டுக்கொண்டு வா."