கடல் ஏறியதற்கு யார் மேல் மனு?

போன திங்கட்கிழமை நம் எம்.பி.க்கு ஒரு மனு அனுப்பினேன். தெருவிளக்குக்கா, சாக்கடைக்கா என்று கேட்காதீர்கள். கடலுக்கு!

கோயமுத்தூர் கணபதியில் குடியிருக்கிறவளுக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்? எனக்கும் புரியாமல்தான் இருந்தது... மினதி கேட்கிறவரை.

மினதி இரும்பு வார்க்கிற எங்கள் பவுண்டரியில் மணல் சலிக்கிறவள். ஒடிசாக்காரி. நெல் விளைந்த பூமியில் கடல் தண்ணீர் ஏறி உப்பாகிப்போனதால் புருஷனோடு இங்கே வந்தவள். சித்திரை வெயிலில், தகரக் கூரைக்கடியில் ஒருநாள் மயங்கி விழுந்துவிட்டாள். மோர் கொடுத்து உட்காரவைத்தேன். கொஞ்சம் தெளிந்ததும் கேட்டாள்:

"அம்மா, இப்ப எங்க வீட்டு வாசலுக்கே கடல் வந்துருச்சு. எங்கம்மா அங்க தனியா இருக்கு. கூப்பிட்டா வரமாட்டேங்குது. கடலை யாரும்மா இப்படிப் பண்ணது?"

தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லாத வாய் என்னுடையது. அன்றைக்குச் சொன்னேன்.

அதன்பிறகு சும்மா இருக்க முடியுமா? பக்கத்து வீட்டு டீச்சரம்மாவைப் பிடித்துக்கொண்டேன். புகை மேலே போகிறதாம், உலகம் சூடாகிறதாம், எங்கேயோ பனி உருகிக் கடல் ஏறுகிறதாம். எந்த தேசமானாலும் இல்லாதவர்கள்தான் முதலில் ஊரை விட்டு ஓட வேண்டியிருக்கிறதாம். "டெல்லியில பேசறவங்களுக்கு எழுதிப் போடுங்க" என்றார்.

எழுதலாம். ஆனால் பத்திரிகைக்கு எழுதுகிற இந்தப் பத்தியையே எழுத்துக்கூட்டித்தான் எழுதுகிறேன் — உங்களுக்குத் தெரியாததா? கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிற பெரியவரிடம் போனேன். வாயைத் திறப்பதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார்: 'ஏழை விதவையாகிய நான்...'

"ஏனுங்க, எங்க ஊட்டுக்காரரு அங்க வண்டி நிறுத்தீட்டு இருக்கறாருங்க! அடிங்க அதை. ஏழைங்கறதையும் அடிங்க."

"அப்படிப் போட்டாத்தானுங்க அம்மா படிப்பாங்க."

"எனக்கு ஒண்ணும் வேண்டாமுங்க. ஒலகத்துல இல்லாதவங்களுக்கோசரம் எழுதோணும்."

பெரியவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "ஒலகம் எத்தனாவது வார்டுங்க?"

குசும்புதான்! இருந்தாலும் வெயில், உப்பேறிய வயல், தனியாக இருக்கிற தாய் என்று நான் சொல்லச் சொல்ல அழகாக எழுதினார். எழுதிவிட்டு நிமிர்ந்தார்.

"சரிங்க. யாரு மேல மனு?"

"பொகை உட்டவங்க மேல."

"பொத்தாம்பொதுவாச் சொன்னா ஆருங்க கேப்பாங்க? உங்களுக்குத் தெரிஞ்ச பேரு ஒண்ணாச்சும் சொல்லுங்க."

தெரிந்த பேரா... யோசித்தேன். நாற்பது வருஷமாகக் கரி எரிக்கிற உலை ஒன்று எனக்கு நன்றாகத் தெரியும். அதன் புகைபோக்கியில் என் மாமனார் பேர் பெரிதாக எழுதியிருக்கும். பஸ்ஸில் போகும்போதெல்லாம் பக்கத்து சீட்காரர்களுக்குக் காட்டிக் காட்டி நான் பெருமைப்பட்ட பேர்!

எங்கள் புகையும்தானே அவள் வயல் வரைக்கும் போயிருக்கிறது? வயல் போனதால்தானே அவள் எங்கள் உலைக்கு வந்தாள்? இத்தனை நாள் இது எனக்கு எப்படித் தோன்றாமல் போயிற்று?

பேரைச் சொன்னேன். மனுவின் மேலே எழுதியிருந்த என் விலாசத்திலும் அதே பேர் இருப்பதைப் பெரியவர் பார்த்துவிட்டார்.

"இது உங்க பட்டறைங்களே! வெளையாடறீங்களா அம்மா?"

"போடுங்க. மொதப் பேரா அதையப் போடுங்க. கீழ மத்தவங்களுக்கும் எடம் உட்டு வைங்க."

எம்.பி.க்கு என்ன, தபாலில் போட்டாயிற்று. மினதி கேட்டதற்குப் பதிலை அவள் முகத்தைப் பார்த்தல்லவா சொல்ல வேண்டும்!